ஓய்வு பெற்ற ராணுவச் சரக்கு விமானத்தின் உதிரி பாகங்கள் எங்கே போகின்றன? ஒரு போல்ட்டுக்கு ஏன் ‘கிரான்’ வேண்டும்?

உங்கள் வீட்டு கன்சில் காரில் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாக்கா பாயா ரும்புட்டில் என் மாமா வீட்டில் இதற்குப் பதில் ரெடியாக இருக்கும்: “ஹாஃப்-கட் கடைக்குப் போ, பாதி விலைக்குக் கிடைக்கும்.” கடைக்காரர் குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார், துணியால் துடைப்பார், பேட்டரியில் வைத்துக் காட்டுவார். அது எந்தக் காரிலிருந்து வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, முன்பு யார் பழுது பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆனால் போதும்.

கன்சில் உற்பத்தி 2009-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் மலேசியச் சாலைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தக் கடைகள்தான் முக்கியக் காரணம்.

இதே கேள்வியை ஒரு ராணுவச் சரக்கு விமானத்துக்குக் கேட்டுப் பாருங்கள். விமானத்தைச் செய்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகாயப் படையும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. கிடங்கில் எஞ்சின், காற்றாடி, சக்கரம், பம்ப் என்று ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. அவையெல்லாம் என்ன ஆகும்? யாராவது வாங்கிப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். உலகம் முழுக்க அது நடக்கிறது. ஆனால் ஹாஃப்-கட் கடை போல அவ்வளவு சிம்பிள் இல்லை. அதை சிம்பிளாக நினைத்த இடங்களில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

மலேசியாவில் அப்படிப்பட்ட விமானம் எது?

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் கேரிபூ. கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த இந்த விமானத்தின் முழுப் பெயர் டிஎச்சி-4 கேரிபூ. 1958-ல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு எஞ்சின், பின்பக்கம் திறந்து இறங்கும் சாய்தளம், உள்ளே 32 வீரர்கள் உட்காரலாம் அல்லது இரண்டு ஜீப்புகளை ஓட்டி ஏற்றலாம். இதன் பெரிய பலம், சில நூறு மீட்டர் நீளமுள்ள மண் ஓடுபாதையிலேயே இறங்கி ஏறிவிடும்.

டியூடிஎம் எனப்படும் அரச மலேசிய ஆகாயப் படை 1960-களின் நடுப்பகுதியில் இதைப் பறக்கவிடத் தொடங்கியது. சபா, சரவாக் உட்பகுதிகளில் சாலையே இல்லாத காலம் அது. அரிசி, மருந்து, ஆட்கள் எல்லாமே வானத்தின் வழியாகத்தான் போகவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்த வேலையைச் செய்த கேரிபூவின் இடத்துக்கு 1999-ல் இந்தோனேசியத் தயாரிப்பான சிஎன்-235 விமானங்கள் வந்தன. சுங்கை பெசி ஆகாயப் படை அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் ஒரு கேரிபூவைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள்.

இந்தியாவும் 1963 முதல் கேரிபூவை வைத்திருந்தது. ஆஸ்திரேலியா 1964 முதல் வைத்திருந்து, 2009 நவம்பர் 27-ஆம் தேதிதான் கடைசியாக ஓய்வு கொடுத்தது. ஆஸ்திரேலியா அவ்வளவு காலம் இழுத்ததற்குக் காரணம் எளிது: கேரிபூ இறங்கிய இடத்தில் இறங்கக்கூடிய இன்னொரு விமானம் சுலபமாகக் கிடைக்கவில்லை.

பிறகு ஏன் நிறுத்தினார்கள்? உடல் பழசாகிவிட்டது. எஞ்சினும் பழசு. கேரிபூவில் இருப்பது பிராட் அண்ட் விட்னி ஆர்-2000. இரண்டாம் உலகப் போர் காலத்து வடிவமைப்பு, 14 சிலிண்டர் வட்டமாக அடுக்கிய பெட்ரோல் எஞ்சின். இன்றைய ராணுவ விமானங்கள் பெரும்பாலும் ஜெட் எரிபொருளில் ஓடுபவை. கேரிபூவுக்கு மட்டும் தனியாக ‘அவ்காஸ்’ எனப்படும் விமான பெட்ரோல் வேண்டும். ஆக, உதிரி பாகம் மட்டும் இல்லை, அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள், அதற்கான எண்ணெய் என எல்லாமே அரிதாகிவிடுகின்றன.

உலகிலேயே மொத்தம் 307 கேரிபூக்கள்தான் செய்யப்பட்டன. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

307-க்கும் 2,500-க்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாம் உலகப் போர் காலத்து டகோட்டா சரக்கு விமானம் 10,000-க்கும் மேல் செய்யப்பட்டது. 1954-ல் முதன்முதலாகப் பறந்த சி-130 ஹெர்குலிஸ் இன்றுவரை 2,500-க்கும் மேல். நம் டியூடிஎம் 1976 முதல் பறக்கவிடும் சி-130எச் இந்தக் குடும்பம்தான். வெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை என்று எது வந்தாலும் செய்தியில் நாம் காட்டுகிற அந்தச் சாம்பல் நிற நான்கு எஞ்சின் விமானம்.

எண்ணிக்கை அதிகம் என்றால் உதிரி பாகமும் அதிகம். சந்தையில் கன்சில் மாதிரி. எண்ணிக்கை குறைவு என்றால், ஊரில் யாருமே வைத்திராத ஒரு பழைய இத்தாலியக் காரை வைத்துக்கொண்டு அலைகிற கதை.

டகோட்டாவுக்கு ஒரு அழகான உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. பழைய இரும்பாகப் போகவிருந்த ஒரு டகோட்டாவை 2011-ல் ராஜீவ் சந்திரசேகர் வாங்கினார். அவருடைய அப்பா இந்திய விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பல ஆண்டுகள் பழுது பார்த்து, இந்திய விமானப்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 2018 ஏப்ரலில் அது கண்டம் விட்டுக் கண்டம் பறந்து இந்தியா வந்து சேர்ந்தது. ‘பரசுராமா’ என்று பெயர். வாலில் விபி 905 என்ற எண். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைகளைக் கொண்டுபோன விமானத்தின் நினைவாக அந்த எண். 1940-களில் செய்த விமானம் 2018-ல் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குப் பறக்க முடிகிறது என்றால், எங்கோ ஒரு கிடங்கில் அதற்கான பாகமும், அந்தப் பாகத்துக்கான காகிதமும் இருந்திருக்கின்றன என்று அர்த்தம்.

அந்தக் காகிதம்தான் இந்தக் கட்டுரையின் ஹீரோ.

ஒரு போல்ட்டுக்குக் காகிதமா?

ஆமாம். காருக்கு ‘கிரான்’ இருக்கிறது அல்லவா? ஜேபிஜே கொடுக்கும் பதிவுச் சான்று. சேஸி எண், எஞ்சின் எண், முன்பு யார் பெயரில் இருந்தது எல்லாம் அதில் இருக்கும். கிரான் இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் புத்தியுள்ளவர் வாங்கமாட்டார். விமானத்தில் முழு விமானத்துக்கு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது.

முக்கியமான பாகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. பாக எண், அது என்ன வகைப் பாகம் என்று சொல்லும். தொடர் எண், அந்த வகையில் இது எந்த ஒன்று என்று சொல்லும். ராணுவக் கிடங்கு என்றால் இன்னொரு எண்ணும் சேரும்: நேட்டோ கையிருப்பு எண். மொத்தம் 13 இலக்கம். முதல் நான்கு, பொருளின் வகை. காற்றாடி சம்பந்தப்பட்டதென்றால் 1610 என்று தொடங்கும், எஞ்சின் என்றால் 28 என்று தொடங்கும். அடுத்த இரண்டு, அதைப் பட்டியலிட்ட நாடு. அமெரிக்கா என்றால் 00 அல்லது 01, மலேசியா என்றால் 34. மீதி ஏழும் அந்தப் பொருளுக்கே உரியவை. நேட்டோவில் இல்லாத நாடுகளும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன, நாமும் அப்படித்தான்.

எண் மட்டும் போதாது. அந்தப் பாகத்தின் வாழ்க்கை வரலாறும் வேண்டும். எப்போது செய்யப்பட்டது, எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை ஏறி இறங்கியது, யார் கழற்றினார், ஏன் கழற்றினார், எங்கே பழுது பார்த்தார்கள். சில பாகங்களுக்கு ஆயுள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும்: இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை தடவை ஏறி இறங்கினால் தூக்கி எறியவேண்டும். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் எறியவேண்டும். இப்படிப்பட்ட பாகத்துக்குப் ‘பிறந்ததிலிருந்து’ காகிதம் கேட்பார்கள். நடுவில் ஓர் ஆண்டு விடுபட்டாலும் அந்தப் பாகம் பறக்காது.

ரப்பர் வளையம், குழாய் மாதிரியானவற்றுக்கு, ஒருநாள்கூட விமானத்தில் ஏறாமல் அலமாரியிலேயே இருந்தாலும், காலாவதித் தேதி உண்டு. ரொட்டி பாக்கெட் மாதிரி.

பயணிகள் விமானத்துக்கு இந்தக் காகிதங்கள் உலக அளவில் ஒரே மாதிரியாக ஆகிவிட்டன. அமெரிக்காவில் எஃப்ஏஏ 8130-3, ஐரோப்பாவில் ஈயாசா படிவம் 1. ராணுவத்தில் கதை வேறு. ஒவ்வொரு படையும் தன் சொந்த முறையில் பதிவு வைத்திருக்கும். அந்தப் படைக்கு அது போதும். விமானம் ஓய்வு பெற்று, பாகங்கள் ஏலத்துக்கு வந்து, ஒரு தனியார் வாங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. படை தந்த அட்டையில் இருப்பதை சிவில் அதிகாரி ஏற்கவேண்டும். இல்லையென்றால் மறுபடி பிரித்து, அளந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். சில நேரம் அந்தச் செலவு பாகத்தின் விலையைத் தாண்டிவிடும்.

காகிதம் இல்லாத விமானப் பாகம், நம்மூர் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போகிற அலுமினியம்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

இதெல்லாம் ஓவர் இல்லையா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு விபத்துகளைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

முதலாவது, 2002 ஜூன் 17. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாக்கர் என்ற ஊர் அருகே காட்டுத்தீ. அதன்மேல் தீத்தடுப்புத் திரவத்தைக் கொட்ட ஒரு சி-130ஏ வந்தது. 1957-ல் அமெரிக்க ஆகாயப் படைக்காகச் செய்யப்பட்டு, பின்பு ஓய்வு பெற்று, தனியாரிடம் போன விமானம். திரவத்தைக் கொட்டிக்கொண்டிருந்தபோதே இறக்கைகள் உடலை விட்டுக் கழன்றன. அதன் வீடியோ அப்போது உலகம் முழுக்கப் போனது. தேடிப் பார்க்கச் சொல்லமாட்டேன். மூன்று பேர் இறந்தார்கள். இறக்கையின் அடிப்பகுதித் தகட்டில் உலோகச் சோர்வால் விரிசல் விழுந்திருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. விரிசலைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பராமரிப்பு முறை இல்லை என்பதும் காரணங்களில் ஒன்று.

உலோகச் சோர்வு என்றால் என்ன? ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். முதல் பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும். விமானத்தின் இறக்கை ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. எத்தனை தடவை வளைந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காகிதம்தான் சொல்லும். காட்டுத்தீ அணைக்கும் வேலையில் தாழ்வாகப் பறந்து, திடீரென்று பல டன் எடையை விட்டுவிட்டு மேலே ஏறும்போது, அந்த வளைவு சாதாரணச் சரக்குப் பயணத்தைவிட மோசம்.

இரண்டாவது விபத்து, 2017 ஜூலை 10. அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் மரைன் படையின் கேசி-130டி விமானம் நடுவானில் உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த 16 பேரும் இறந்தார்கள். காரணம் ஒரு காற்றாடி இலை. ஒன்றே ஒன்று. அதற்குள் துரு அரித்து ஒரு சிறு குழி. குழியிலிருந்து ஒரு விரிசல். 2011-ல் அந்த இலை பெரிய ராணுவப் பணிமனை ஒன்றுக்குப் பழுதுபார்க்கப் போயிருந்தது. அங்கே அந்தத் துருவைக் கண்டு நீக்கியிருக்கவேண்டும். நீக்கவில்லை. இலை திரும்பி வந்தது, பூட்டப்பட்டது, ஆறு ஆண்டுகள் கழித்துக் கழன்று விமானத்தின் உடலுக்குள் பாய்ந்தது.

கவனியுங்கள், இந்த இலையில் ‘சரிபார்த்தாச்சு’ என்ற முத்திரை இருந்தது. அதாவது காகிதம் இருந்தாலும், காகிதத்தில் எழுதியதை உண்மையிலேயே செய்திருக்கவேண்டும். போலிக் காகிதம் இன்னும் மோசம். 2023-ல் லண்டனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் பயணிகள் விமான எஞ்சின்களுக்குப் போலிச் சான்றுடன் பாகங்கள் விற்றது வெளியே வந்தபோது, பல நாட்டு விமான நிறுவனங்கள் எஞ்சின்களைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேடவேண்டியதாயிற்று.

பழைய விமானத்தை எங்கே வைப்பார்கள்?

அமெரிக்கா தன் பழைய ராணுவ விமானங்களை அரிசோனா பாலைவனத்தில், டூசன் நகரத்தின் டேவிஸ்-மொந்தான் தளத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறது. ‘போன்யார்ட்’ என்று யூடியூபில் அடித்தால் வரும். அங்கே எல்லா விமானமும் செத்தவை இல்லை. சிலவற்றை மறுபடி பறக்கவைக்கும் எண்ணத்தோடு தொடாமல் வைத்திருப்பார்கள். சிலவற்றைப் பாகத்துக்காக மட்டும் வைத்திருப்பார்கள்: இன்றைக்கு ஒரு பம்ப், அடுத்த மாதம் ஒரு சக்கரம். சன்னல்களுக்கும் மூட்டுகளுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்து வெயிலைத் தடுப்பார்கள். மழை குறைவு, காற்று உலர்ந்தது, மண் கெட்டியானது என்பதால்தான் அந்த இடம்.

இதையே மலாக்காவில் செய்து பாருங்கள். பாயா ரும்புட் என்ற பெயரிலேயே ‘பாயா’ இருக்கிறது. மலாயில் அது சதுப்பு நிலம். தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தகரக் கூரை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று அவர்களுக்கே தெரியும். விமானத்தின் அலுமினியம் இரும்பு மாதிரி சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடியாக, பெயின்ட்டுக்கு அடியில், ரிவெட்டைச் சுற்றி, அடுக்கடுக்காக உரியும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி. ஈரமும் கடற்காற்றும் சேர்ந்த ஊரில் திறந்தவெளியில் சில ஆண்டுகள் நின்ற விமானத்திலிருந்து கழற்றிய பாகத்தை யாரும் சும்மா நம்பமாட்டார்கள்.

பணிமனைகளில் இப்படிக் கழற்றுவதை ‘ராப்’ என்பார்கள். பறக்கவேண்டிய விமானத்துக்கு நிற்கிற விமானத்திலிருந்து எடுப்பது. எடுத்து எடுத்து ஒரு விமானம் கூடாகவே நின்றுவிட்டால் அதற்கு ‘ஹேங்கர் குயின்’ என்று பெயர். ராணியாக மரியாதை, ஆனால் கொட்டகையை விட்டு நகர முடியாது.

பாகத்தைச் செய்த நிறுவனமே இல்லை என்றால்?

விமான வகை ஒவ்வொன்றுக்கும் ‘வகைச் சான்றிதழ்’ என்று ஒன்று உண்டு. வரைபடங்கள், அளவுகள், என்ன உலோகம், எவ்வளவு இறுக்கவேண்டும் என்ற அத்தனைக்கும் பொறுப்பாளி அந்தச் சான்றிதழை வைத்திருப்பவர்தான். புதிதாக ஒரு பாகம் செய்யவேண்டும் என்றால் அவருடைய வரைபடம் வேண்டும்.

கேரிபூவின் சான்றிதழ் கைமாறிக்கொண்டே போனது. 2006-ல் கனடாவின் வைக்கிங் ஏர் என்ற நிறுவனம் டி ஹாவிலண்டின் பழைய வகைகள் பலவற்றின் சான்றிதழ்களை பொம்பார்டியரிடமிருந்து வாங்கியது. அதில் கேரிபூவும் ஒன்று, அதன் சின்னத் தம்பி ட்வின் ஆட்டரும் ஒன்று. வைக்கிங் ட்வின் ஆட்டரை மறுபடி உற்பத்தி செய்யவே தொடங்கிவிட்டது. சரவாக்கில் பாரியோ போன்ற மலை ஊர்களுக்கு மாஸ்விங்ஸ் பறக்கவிட்ட ட்வின் ஆட்டர்கள் அப்படிப் புதிதாக வந்தவைதான். ஒரே பெட்டியில் வந்த இரண்டு சான்றிதழ்களில் ஒன்றுக்கு மறுபிறவி. கேரிபூவுக்கு அது கிடைக்கவில்லை. வாங்க ஆள் வேண்டுமே.

பிறகு ஒரு வழிதான் மிச்சம்: இருக்கிற பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆட்கள். ஆஸ்திரேலியா ஓய்வு கொடுத்த கேரிபூக்களில் இரண்டு, ஹார்ஸ் எனப்படும் பழைய விமானப் புனரமைப்புச் சங்கத்துக்குப் போயின. அங்கே வேலை செய்வதில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் ஓய்வு பெற்ற விமானத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சி-130-க்கு நிலைமை வேறு. ஆஸ்திரேலியா 2012-ல் தன் சி-130எச் விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தது. அவற்றில் நான்கை இந்தோனேசியாவுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2013-ல் மேலும் ஐந்தை விற்க ஒப்பந்தம். அதில் விமானத்தோடு பயிற்சிக் கருவியும் உதிரி பாகங்களும் சேர்த்தி. பழைய விமானம் வாங்குகிற நாடு உண்மையில் வாங்குவது அந்தக் கடைசி வரியைத்தான். வெறும் விமானத்தை மட்டும் வாங்கினால் முதல் பழுதிலேயே கொட்டகையில் நிற்கும். நம் சி-130எச்-கள் இவ்வளவு காலம் பறப்பதற்கும், 1980-களிலிருந்து சுபாங்கில் இயங்கும் ஏரோட் போன்ற பராமரிப்பு நிறுவனம் உள்ளூரிலேயே இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

யார் வேண்டுமானாலும் விற்கலாமா?

முடியாது. 1979 புரட்சிக்கு முன்பு ஈரான் அமெரிக்காவிடம் சி-130-களையும் எஃப்-14 போர் விமானங்களையும் வாங்கியிருந்தது. அதன்பின் தடை. விமானம் கையில் இருக்கிறது, பாகம் கிடைக்காது. அதனால் உலகச் சந்தையில் சுற்றும் பழைய பாகங்கள்மேல் அமெரிக்காவுக்கு எப்போதும் ஒரு கண். எஃப்-14-க்கு ஓய்வு கொடுத்த பிறகு, 2007-ல், அதன் பாகங்களை ஏலம் விடுவதையே நிறுத்தி, பல விமானங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். அருங்காட்சியகங்கள் அழுதன. அமெரிக்க ராணுவப் பாகத்தை ஒரு நாடு வாங்கும்போது, ‘நாங்களே பயன்படுத்துவோம், கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டோம்’ என்று எழுதித் தரவேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கையெழுத்து செல்லும்.

மலேசியாவுக்கும் இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. சரக்கு விமானம் இல்லை, எஃப்-5இ போர் விமானத்தின் இரண்டு ஜெட் எஞ்சின்கள். டியூடிஎம் பொறுப்பில் இருந்தவை காணாமல் போய்விட்டன என்ற செய்தி 2009 டிசம்பரில் வெடித்தது. வீட்டுச் சாவி தொலைவது மாதிரியா ஜெட் எஞ்சின் தொலையும் என்று நாடே கேட்டது. கடைசியில் அவை தென் அமெரிக்காவின் உருகுவேயில் இருப்பது தெரியவந்தது. அடையாளம் காண உதவுவது மறுபடியும் அதே சமாச்சாரம்தான்: தொடர் எண்ணும், அதை எழுதி வைத்த பதிவேடும்.

அதற்குப் பிறகு வந்த 2010 வியூக வாணிபச் சட்டம், ராணுவ, இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களை மலேசியாவிலிருந்து அனுப்புவதற்கும், மலேசியா வழியாகக் கடத்தி அனுப்புவதற்கும், இடைத்தரகு செய்வதற்கும் உரிமம் கேட்கிறது. “சும்மா ஒரு பழைய பம்ப்தானே” என்று கூரியரில் போட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

மலாக்காவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாயா ரும்புட்டிலிருந்து சேங் தாண்டி பத்து பெரண்டாம் பக்கம் போனால் விமான நிலையத்தின் அருகே சிடிஆர்எம் தொழிற்சாலை. 1990-ல் தொடங்கிய நிறுவனம். கார்பன் இழையும் பிசினும் சேர்த்துச் செய்யும் கலப்புப் பொருளில் ஏர்பஸ் விமானங்களுக்கான பாகங்கள் இங்கே தயாராகின்றன. ஏ400எம் ராணுவச் சரக்கு விமானத்துக்கான பாகங்களும் அதில் அடக்கம். 2005 டிசம்பரில் மலேசியா நான்கு ஏ400எம் வாங்க முடிவு செய்தபோது, அதற்கு ஈடாக இங்கே வேலை தருவதும் பேச்சில் இருந்தது. முதல் விமானம் 2015 மார்ச்சில் வந்தது.

அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பாகத்தைச் செய்யும் நேரத்தில் பெரிய பங்கு எழுதுவதற்குத்தான் போகும். எந்தச் சுருளிலிருந்து துணி வெட்டியது, அந்தச் சுருள் குளிர்பெட்டிக்கு வெளியே எத்தனை மணி நேரம் இருந்தது, அடுப்பில் என்ன வெப்பம், யார் பார்த்தது. போரடிக்கும் வேலைதான். ஏ400எம்-க்கு ஓய்வு கொடுக்கும் காலம் வரும்போது, பத்து பெரண்டாமில் இன்றைக்குப் போட்ட கையெழுத்தைத்தான் எங்கோ ஒருவர் தேடுவார்.

ஆன்லைனில் பழைய விமானப் பாகம் பார்த்தேன், வாங்கலாமா?

அலங்காரத்துக்கு என்றால் பல பொருள்களை வாங்கலாம். இறக்கைத் தகட்டில் மேசை, சக்கரத்தில் கடிகாரம் என்று நிறைய வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால், அந்த நாட்டின் ஏற்றுமதி விதி அதை அனுமதிக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘இன்னும் பறக்கத் தகுதியானது’ என்று சொல்லி விற்றால் காகிதம் எங்கே என்று கேளுங்கள். ட்ரோனுக்கோ சிறு விமானத்துக்கோ அதைப் பூட்டும் யோசனையே வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம். பழைய விமானங்களின் பிரேக், கேஸ்கெட், வெப்பத் தடுப்பு உறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைத் தேய்ப்பதோ துளை போடுவதோ கூடாது. இன்னொன்று, காக்பிட் மீட்டர்கள். இருட்டில் முள் தெரியவேண்டும் என்று 1940, 50-களின் மீட்டர்களில் ரேடியம் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். பூச்சின் ஒளி போய் மஞ்சளாக, பழுப்பாகத் தெரியலாம். ஒளிதான் போயிருக்கும், ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடி முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைந்து பூச்சு பொடியாகி மூச்சில் போவதுதான் பிரச்சினை. பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அங்கிள்மாருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கையில்தான் இது முதலில் வந்து சேரும்.

அப்படி ஒரு மீட்டர் கையில் கிடைத்தால் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வைத்துவிட்டு, 1984 அணுசக்தி உரிமச் சட்டத்தைக் கவனிக்கும் மலேசிய அணுசக்தித் துறைக்குப் போன் செய்யுங்கள். பையின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள். வருகிற அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார்.